ஸஜ்தாவில் மூச்சு முட்டினால்...





கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய மஹல்லாக்களில் ஜும்ஆவுக்கு நிற்கும் ஸஃப்புகளைப் பார்த்தால் இப்பகுதியின் வாழ்க்கை முழுவதும் கண்முன் தெரியும். இரவு ஷிஃப்ட் முடித்துத் தூக்கம் கலையாத கண்களோடு வந்தவர், இரும்பு உருக்கும் ஃபர்னஸின் முன் நின்று கறுத்த முகத்தோடு வந்தவர், பொன்னேரியிலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் மின்சார ரயிலில் வந்திறங்கியவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர் என அனைவரும் தோளோடு தோள் சேர்த்து நிற்கிறார்கள். ஸஃப்பின் ஓரத்தில் இரண்டு மூன்று நாற்காலிகளும் கிடக்கும். அந்த நாற்காலிகளில் ஒன்றைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறோம். அதில் நம் தவறும் அடங்கியிருப்பதால் இதை எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

நம் ஜமாஅத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு சகோதரர் இருந்தார். ரோலிங் மில் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பல ஆண்டுகள் உழைத்தவர். முன்பு ஒருமுறை மாரடைப்பு வந்து ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர். ஒரு ஷஅபான் மாதத்தில் அவர் திடீரென நாற்காலியில் அமர்ந்து தொழத் தொடங்கினார். பார்ப்பதற்குத் திடமாகவே இருந்தார். “வேலைக்கு நிற்க முடிகிறது, தொழுகைக்கு நிற்க முடியவில்லையா?” என்று பெரியவர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அருகில் நின்ற நாம் எவரும் வாய் திறக்கவில்லை. அடுத்த வேளையிலிருந்து அந்தச் சகோதரர் மீண்டும் தரையில் தொழுதார். ஸஜ்தாவிலிருந்து எழும்போதெல்லாம் அவர் பெருமூச்சு வாங்குவது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. கேட்டும் நமக்கு எதுவும் விளங்கவில்லை.

ரமளான் வந்தது. அவர் ஒரு நோன்பையும் விடவில்லை. மருத்துவர் கொடுத்திருந்த ‘நீர் மாத்திரை’ அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கிறது, ஆலையில் கழிப்பறைக்குச் செல்வது சிரமம், உளூவும் நிலைப்பதில்லை என்று கருதி அதை நிறுத்திவிட்டார். இஃப்தாரில் இரண்டு கோப்பை நோன்புக் கஞ்சி, உடன் சம்சா, ஊறுகாய். பதினேழாவது நோன்பின் இரவில், தராவீஹ் தொழுகையின் நடுவே, உட்கார்ந்தும் மூச்சு விட இயலாமல் திணறினார். 108 ஆம்புலன்ஸில் கொண்டு சென்றோம். “ஹார்ட் பம்பிங் 25 சதவீதம்தான் இருக்கிறது. இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார்?” என்று மருத்துவர் கேட்டார். இரண்டு மாதங்களாக அவர் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே உறங்கினார் என்பதும், வீட்டார் அதை வாயுத் தொல்லை என்று நினைத்திருந்தார்கள் என்பதும் அப்போதுதான் நமக்குத் தெரியவந்தன.

அந்த முறை அல்லாஹ் அவரைக் காப்பாற்றினான். அதன் பின் பதினான்கு மாதங்கள் வாழ்ந்து அவர் வஃபாத்தானார். அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்து, கப்ரை விசாலமாக்குவானாக! அவருடைய தவணையை நாம் நீட்டியிருக்க முடியும் என்று சொல்லவில்லை. அது அல்லாஹ்வின் கையில் உள்ளது. ஆனால் நம் கடமையைச் செய்தோமா என்ற கேள்வி நம்மிடம்தான் கேட்கப்படும்.

இந்த நோய் என்ன?

மருத்துவ நூல்கள் இதனை ‘இதயச் செயலிழப்பு’ என்கின்றன. இந்தப் பெயரே பலரை அச்சுறுத்தித் தவறான முடிவுக்கு இட்டுச் செல்கிறது. இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. உடலுக்குத் தேவையான அளவு இரத்தத்தை இறைக்கும் ஆற்றலை இதயம் இழந்து வருகிறது என்பதே பொருள். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் திடீரென அடைபடுவது. இதயச் செயலிழப்பு பல மாதங்கள், பல ஆண்டுகள் நீடிக்கும் நிலை. மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறந்துபோவதால் பின்னாளில் இந்நிலை உருவாகலாம். கவனிக்கப்படாத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்டுப்போன வால்வுகள், புகை, மது ஆகியவையும் காரணமாகலாம். பிரசவத்தை ஒட்டிய மாதங்களில் சில பெண்களுக்கு இதயத் தசை பலவீனமடைவதும் உண்டு. “பிள்ளை பெற்ற உடம்பு, வீங்கத்தான் செய்யும்” என்று அவர்களை வீட்டில் படுக்க வைத்துவிடுவது ஆபத்தானது.

நம் இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஓய்வாக இருக்கும்போதே நிமிடத்திற்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தத்தை இறைக்கிறது. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதிலுள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதைத்தான் மக்கள் ‘பம்பிங்’ என்கிறார்கள். எக்கோ பரிசோதனையில் இது தெரியும். ஆரோக்கியமான இதயத்திலும் இது நூறு சதவீதம் இருப்பதில்லை. 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாகப் போதுமானது. 40 சதவீதமும் அதற்குக் கீழும் என்றால் குறைந்துவிட்டது என்று பொருள். சிலருக்குப் பம்பிங் சரியாக இருந்தும் இதயச் சுவர்கள் விறைத்துப்போய், இதயம் விரிந்து இரத்தத்தை ஏற்க முடியாத நிலை வரும். நீண்ட நாள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் உடற்பருமனும் உள்ளவர்களிடம், குறிப்பாக வயது முதிர்ந்த பெண்களிடம், இது மிகுதி. ஆகவே, “எக்கோவில் பம்பிங் நன்றாக இருக்கிறது” என்ற ஒரு வரியோடு மூச்சுத் திணறலை மறந்துவிடக் கூடாது.

உடலில் நடப்பது

பள்ளத்தில் தேங்கும் நீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரை எண்ணிப் பாருங்கள். மோட்டார் தளர்ந்தால் இரண்டு கேடுகள் ஒருசேர நிகழும். மேலே தொட்டி நிரம்பாது. கீழே பள்ளத்தில் நீர் தேங்கும். இதயம் தளரும்போதும் இதுவே நிகழ்கிறது. தசைகளுக்கும் மூளைக்கும் போதிய இரத்தம் சேராததால் களைப்பு, தலைச்சுற்றல், மனம் ஒன்றாமை ஆகியவை வருகின்றன. இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும். மல்லாந்து படுத்தால் இருமலும் திணறலும் வரும். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து உட்கார நேரும். வலப்பக்கம் தளர்ந்தால் பாதமும் கணுக்காலும் வீங்கும், கல்லீரல் பெருக்கும், வயிற்றில் நீர் சேரும், இரண்டு கவளம் உண்டதும் வயிறு நிறைந்ததுபோல் தோன்றும். நம் முன்னோர் ‘மகோதரம்’, ‘நீர்க்கோவை’ என்று சொன்னவற்றில் ஒரு பகுதி இந்நோயாகவே இருந்திருக்கும்.

இதில் சிறுநீரகத்தின் பங்கை அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். தன்னிடம் வரும் இரத்தம் குறைந்ததைக் கண்டு, உடலில் நீர் வற்றிவிட்டது என்று சிறுநீரகம் தவறாகக் கணக்கிடுகிறது. உடனே உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் தேக்கி வைக்கிறது. ஏற்கெனவே சுமக்க முடியாமல் தவிக்கும் இதயத்தின் மீது மேலும் சுமை ஏறுகிறது. நோயாளி உண்ணும் ஒவ்வொரு கிராம் உப்பும் தன்னோடு நீரையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. உப்பைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்வதும், நீர் மாத்திரை கொடுப்பதும் இதனால்தான்.

குனியும்போது மூச்சு முட்டுவதும் இந்நோயின் ஓர் அறிகுறி. செருப்பு மாட்டக் குனிந்தால் அரை நிமிடத்துக்குள் திணறல் வருகிறதா என்று மருத்துவர்கள் கேட்பார்கள். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்குத் தனிப்பெயரே இட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்து வேளை ருகூஉவும் ஸஜ்தாவும் செய்கிற நமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி! நம் சகோதரர் நாற்காலியைத் தேடியது சோம்பலால் அன்று. அவருடைய இதயம் ஸஜ்தாவில் முறையிட்டது. அதை அவரும் அறியவில்லை, அருகில் இருந்த நாமும் அறியவில்லை.

உளூவும் இவ்வாறே நமக்கு உதவக்கூடியது. ஒவ்வொரு வேளையும் நம் பாதங்களைக் கணுக்கால்வரை கழுவுகிறோம். கழுவும்போது ஒரு கணம் பாருங்கள். காலுறையின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கிறதா? கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின் மீது கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து அப்படியே நிற்கிறதா? நாள் முழுவதும் நின்று வேலை செய்பவருக்கு மாலையில் சிறிது வீக்கம் வருவது இயல்பே. சிறுநீரகம், கல்லீரல் கோளாறுகளாலும் வீக்கம் வரலாம். ஆயினும் வீக்கத்தோடு மூச்சு வாங்குதலும் சேர்ந்திருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஏன் நமக்கு இது அவசரம்?

நம் அண்டை மாநிலத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் மருத்துவமனைகளில், 2013-இல் இந்நோயோடு சேர்க்கப்பட்ட 1,205 பேரைப் பதிவு செய்து தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது ஏறத்தாழ 61. மேலை நாடுகளில் எழுபதைக் கடந்தவர்களைப் பெரும்பாலும் தாக்கும் நோய் நம்மிடம் பத்தாண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. அந்த நோயாளிகளில் பத்தில் மூவர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். பம்பிங் குறைந்தவர்களில் நான்கில் ஒருவருக்கே, நெறிமுறைப்படி தரவேண்டிய மருந்துகள் முழுமையாகக் கிடைத்திருந்தன. அம்மருந்துகளைப் பெற்றவர்கள் கூடுதல் காலம் உயிர் வாழ்ந்தார்கள் என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. இந்நோயில் மாத்திரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே போதிய சான்று.

இன்று நல்ல மருந்துகள் உள்ளன. இதயத்தின் சுமையைக் குறைப்பவை, துடிப்பைச் சீராக்குபவை, உப்புத் தேக்கத்தைத் தடுப்பவை எனச் சில வகைகளைச் சேர்த்தே தருகிறார்கள். சர்க்கரை நோய்க்கென வந்த டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சர்க்கரை இல்லாத இதய நோயாளிகளுக்கும் பயன் தருவதை 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2020-இல் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்ததால் விலையும் வெகுவாகக் குறைந்தது. ஆனால் இவை எல்லாம் நாள்தோறும் உட்கொண்டால்தான் பயன் தரும். “இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று நிறுத்தினால், நன்றாக இருந்ததற்கான காரணத்தையே நிறுத்தியவர் ஆவோம்.

சிகிச்சையும் நமக்குத் தொலைவில் இல்லை. இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை 1975-இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியனால் செய்யப்பட்டது. நம் ரயில் பாதையின் முடிவில் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 முதல் இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டு வருகிறது. இத்தனையும் அருகிருக்க, நம் சகோதரர்கள் இரண்டு மாதம் மூன்று தலையணையில் உறங்குகிறார்கள் என்றால் குறை வேறெங்கோ இருக்கிறது.

தவக்குலும் மாத்திரையும்

“அல்லாஹ் பார்த்துக்கொள்வான், இத்தனை மாத்திரை எதற்கு?” என்று சொல்வதைத் தவக்குல் என்று எண்ணுவோர் நம்மிடையே உள்ளனர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரையை நாம் அனைவரும் அறிவோம். இதயத்தைப் பற்றியே ஒரு செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்கச் சென்றார்கள். அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்து, இதயத்தில் நோய் கண்டிருப்பதாகக் கூறினார்கள். ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லும்படி சொன்னார்கள். அஜ்வா பேரீச்சம்பழத்தையும் குறிப்பிட்டார்கள். இன்று வாட்ஸ்அப்பில் இச்செய்தி சுற்றும்போது பேரீச்சம்பழம் மட்டும் எஞ்சுகிறது. மருத்துவரிடம் போகச் சொன்ன பகுதி எப்படியோ விடுபட்டுவிடுகிறது. சுன்னத்தின் பாதியை எடுத்து மறுபாதியை விடுவது நமக்கு அழகன்று.

இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கத்தை அடைகிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதியவர் டமாஸ்கஸில் பயின்று கெய்ரோவில் வாழ்ந்த இப்னு நஃபீஸ். மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அவர் விளக்கிய அந்தப் பாதையில் நீர் தேங்கி நம் சகோதரர் திணறும்போது, அதை வாயு என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுக்கிறோம்.

தொழுகையில் சலுகை பெறுவதைக் குறைவாக எண்ணும் மனப்போக்கும் மாற வேண்டும். மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை புகாரியில் காண்கிறோம். ஆரோக்கியமான நாளில் வழமையாகச் செய்த அமலின் கூலி நோயுற்ற நாளிலும் எழுதப்படும் என்ற நற்செய்தியும் அதே நூலில் உண்டு. நாற்காலியில் அமரும் சகோதரரின் இதயத்தில் எத்தனை சதவீதம் எஞ்சியிருக்கிறது என்று நமக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமையும் நமக்கு இல்லை.

நோன்பும் அவ்வாறே. நோயாளி வேறு நாள்களில் நோற்கலாம் என்ற சலுகையை அல்லாஹ்வே அல்பகரா அத்தியாயத்தில் அருளியிருக்கிறான். குணமாகும் நம்பிக்கையற்ற நாட்பட்ட நோயாளிக்கு ஃபித்யா உண்டு என்பதை ஆலிம்கள் விளக்கியுள்ளார்கள். நிலை சீராக உள்ள சில இதய நோயாளிகள், மருத்துவர் மாத்திரை நேரங்களை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்ப மாற்றித் தந்தால் நோன்பு நோற்க இயலும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர்களும் அண்மையில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர்களும் நோற்கக் கூடாது என்றே மருத்துவர்கள் சொல்வார்கள். நீங்கள் இவர்களில் யார் என்பதை ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள்; மார்க்கச் சட்டத்தை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். இருவரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு நோற்பது தக்வாவின் அடையாளமாகாது.

நீர் மாத்திரையைக் குறித்து ஒரு சொல். பரவலாகத் தரப்படும் ஃபுரோஸமைடு மாத்திரையின் வேகம் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் தணிந்துவிடும். எந்த ஷிஃப்டில் வேலை, எப்போது பயணம், எந்த நேரத்தில் கழிப்பறை கிடைக்கும் என்பதை மருத்துவரிடம் சொன்னால் அதற்கேற்ப நேரத்தை அமைத்துத் தருவார். நம் சகோதரருக்கு இதைக் கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தின் விலை மிகப் பெரிது.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஃபஜ்ருக்கு எழுந்து சிறுநீர் கழித்தபின், எதுவும் உண்பதற்கு முன், நாள்தோறும் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். மூன்று நாள்களில் இரண்டு கிலோ கூடினால் அது சதையன்று, தேங்கிய நீர். மூச்சுத் திணறல் வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்க இந்த எடை உங்களுக்கு அவகாசம் தருகிறது.

ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாகவே உப்புச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமானவர்களுக்கே சொல்கிறது. ஐந்து கிராம் என்பது ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், கடைப் பிரியாணி ஆகியவற்றில் மறைந்திருக்கும் உப்பும் இதில் அடங்கும். இந்துப்பு தீங்கற்றது என்ற நம்பிக்கை தவறு, அதுவும் உப்பே. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கும் அது ஆபத்தாகலாம். இளநீரையும் அவர்கள் மருத்துவரைக் கேட்டே பருக வேண்டும்.

உடல்வலிக்கு மருந்துக் கடையில் தாமாகவே வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கி இந்நோயை முற்றச் செய்யும். சுமை தூக்கி உழைக்கும் நம் சகோதரர்கள் இவற்றை மிட்டாய்போல் விழுங்குவதை அன்றாடம் காண்கிறோம். ஃபர்னஸ் அருகே வேலை செய்பவர்கள் வியர்வைக்கு ஈடாக உப்புக் கரைசல் பருகுவது வழக்கம். இதய நோயாளிக்கு அதுவும் கேடாகலாம். நீரே பருகாமல் நீர் மாத்திரை மட்டும் போட்டாலும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். அவர் அந்த வெப்பத்தில் நிற்கலாமா என்பதையே முதலில் மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

உட்கார்ந்த நிலையிலும் மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

வேலையை விடுவதற்கு முன்

மருத்துவமனையிலிருந்து திரும்பிய நம் சகோதரர், இனி ரோலிங் மில்லில் நிற்க முடியாது என்று தாமே வேலையை விட்டுவிட்டார். ஒப்பந்தக்காரர் நீட்டிய தாளில் கையெழுத்திட்டு, கிடைத்ததை வாங்கிக்கொண்டார். அவருடைய சம்பளத்திலிருந்து மாதந்தோறும் இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டு வந்தது. அதனால் என்ன கிடைக்கும் என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. பின்னர் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறோம், வேறொருவருக்காவது பயன்படட்டும்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும். தொழிலாளி 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்துகின்றன. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இது உண்டு. நோயுற்றால் ஆண்டுக்கு 91 நாள்கள் வரை ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். இதற்கு மேலும், 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன் ஒன்று இருக்கிறது. ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டாண்டுகள் வரை. இதயச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. இரண்டாண்டு தொடர்ந்த பணியும் அக்காலத்தில் 156 நாள்களுக்கான சந்தாவும் இருக்க வேண்டும். ஆகவே கையெழுத்திட்டு வெளியேறுவதற்கு முன், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை தம்மிடம் உள்ளதா என்று பாருங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

நம் சகோதரரின் ஜனாஸாவுக்குத் திரளாகக் கூடினோம். அன்றே ஒரு தொகை திரட்டிக் குடும்பத்திடம் கொடுத்தோம். கொடுத்தவர்களின் மனம் பெரிது. ஆனால் கடைசி நான்கு மாதங்களில் அவர் மாத்திரைகளைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டு நாள் கடத்தினார் என்று அவர் மனைவி சொன்னபோது, கொடுத்த கை கூசியது. அன்று திரட்டிய தொகையில் ஒரு பகுதி இருந்தாலே அம்மாத்திரைகளை வாங்கியிருக்கலாம். மவுத்துக்கு ஓடி வரும் நாம் நீண்ட நோயில் உடன் நிற்கப் பழகவில்லை. நோய் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமை என்று கற்றிருக்கிறோம். முதல் வாரம் பழம் வாங்கிச் செல்வதோடு அக்கடமை முடிந்துவிடுவதில்லை.

ஆதலால் பள்ளிவாசல் நிர்வாகிகளிடம் சிலவற்றைக் கேட்கிறோம். உளூச் செய்யும் இடத்தின் அருகே ஓர் எடை இயந்திரமும், அலுவலக அறையில் ஓர் இரத்த அழுத்தக் கருவியும் வாங்கி வையுங்கள். பைத்துல்மாலில் நீண்டகால நோயாளிகளின் மாத்திரைக்கும் மருத்துவமனைப் பயணத்துக்கும் மாதந்தோறும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது உப்புக் குறைந்த ஒரு சிறு பாத்திரம் தனியாக இருக்கட்டும். ரமளானுக்கு முந்தைய ஜும்ஆ ஒன்றில் நோயாளிகளுக்கான சலுகைகளைக் குறித்துக் கதீப்மார்கள் விரிவாகப் பேசட்டும். வெளிமாநிலத்துச் சகோதரர்களுக்கும் புரியும்படி உருதுவிலோ இந்தியிலோ அதைச் சுருக்கிச் சொல்லட்டும். நாற்காலியில் அமர்பவரை எவரும் கேள்வி கேட்க வேண்டாம், கேட்பதானால், “உடம்புக்கு என்ன? மருத்துவரைப் பார்த்தீர்களா?” என்று மெல்லக் கேளுங்கள். அன்று நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இதை வாசிக்கும் நீங்கள் இன்று மஃரிபுக்கு உளூச் செய்யும்போது உங்கள் பாதத்தைப் பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவர்கள் எத்தனை தலையணை வைத்து உறங்குகிறார்கள் என்று கவனியுங்கள். ஐயம் தோன்றினால் நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைத் தனியே விட்டுவிட்ட எங்கள் அலட்சியத்தை மன்னிப்பாயாக! நீ தந்த உடலை அமானிதமாகப் பேணும் அறிவையும், நீ தந்த சலுகையை நன்றியோடு ஏற்கும் மனதையும் எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.